உஷார்! தண்ணீர் வடிந்த பிறகுதான் கடை மூழ்கும்

மணலூர்பேட்டைக் கடைத்தெருவில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிகளுக்காக இதை எழுதுகிறேன். மளிகை, ஜவுளி, உரக்கடை, நெல் அரவை, டிராக்டர் பட்டறை, ஓட்டல், எதுவாகவும் இருக்கட்டும். நாலு பேரோ நாற்பது பேரோ உங்களை நம்பிக் கூலிக்கு நிற்கிறார்கள் என்றால், ஐப்பசி பிறப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். கார்த்திகையில் படித்துப் பிரயோஜனமில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த கையோடு போய்த் தொலையாமல் நின்ற இடத்திலேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். டிவியில் எல்லாரும் மயிலத்தையும் புதுச்சேரியையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலுவிழந்த புயல் மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையில் இன்னொரு 50 சென்டிமீட்டரை இறக்கியது. நமக்கு வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. ஊத்தங்கரைத் தண்ணீர் பாம்பாற்றில் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்கு வரும். அணை அதற்கு முன்பே ஏறக்குறைய நிரம்பியிருந்தது. டிசம்பர் 1 இரவு படிப்படியாக ஏற்றிக்கொண்டே போன நீர்த்திறப்பு, 2-ஆம் தேதி விடிவதற்குள் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடியைத் தொட்டது.

இந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள். சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 1.68 லட்சம் வேகத்தில் விட்டால், 119 அடிக்கு நிரம்பி நிற்கிற அணையே 12 மணி நேரத்தில் காலியாகிவிடும். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்ததாக இன்றுவரை பேசப்படும் செம்பரம்பாக்கம் திறப்பு 29,000 கன அடி. இது அதைப்போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தண்ணீரும் அணைக்குக் கீழே முதலில் பார்க்கிற கரையோர ஊர்களில் ஒன்று நம்முடையது. நம்மைத் தாண்டித்தான் திருக்கோவிலூர், திருவெண்ணெய்நல்லூர். அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையையே அது மறித்து நிறுத்தியது.

முன்னறிவிப்பே கொடுக்கவில்லை என்றார் எதிர்க்கட்சித் தலைவர். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. சட்டமன்றம் வரை போன அந்தப் பஞ்சாயத்தில் யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். கடை நடத்துகிறவருக்கு அதில் ஒரே ஒரு செய்திதான் இருக்கிறது. எச்சரிக்கை வந்தாலும் அது நடுராத்திரியில் வரும், சில மணி நேரமே கையில் இருக்கும், உங்கள் ஆட்களில் பாதிப்பேரின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருக்கும்.

மாதத்தையும் கவனியுங்கள். சென்னை வெள்ளம் 2015 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை அதே டிசம்பர் நடுவில். ஃபெஞ்சல் வெள்ளம் 2024 டிசம்பர் முதல் வாரம். நம் ஊரில் குடோன் நிரம்பி வழிவதும் அப்போதுதான். தீபாவளிச் சரக்கின் மிச்சம் இருக்கும், திருவண்ணாமலை தீபத்துக்கு வாங்கிப் போட்டது இருக்கும், பொங்கலுக்கும் தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கும் கடன் சொல்லி இறக்கியது இருக்கும். அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிற அதே ஆறு, அதற்கு ஐம்பது நாள் முன்னால் வேறு முகத்தோடு வரக்கூடும். கையில் ரொக்கம் குறைந்து, தரையில் சரக்கு கூடியிருக்கிற நேரம் பார்த்து வரும்.

இருந்தாலும் நான் பயப்படுவது சரக்குக்காக இல்லை. ஆறு இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். சகதியை வாரிக் கொட்ட ஒரு வாரம். அதற்கப்புறம் கடை திறக்கும்போது யார் இருப்பார்கள்? எடை போடுகிற பையன், கணக்கு எழுதுகிற அம்மா, எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி என்று மனப்பாடமாகச் சொல்லும் பழைய ஆள், மெஷினின் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக். இவர்களில் இரண்டு பேர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறிவிட்டால் உங்கள் கடை மூழ்கியது அன்றைக்குத்தான். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வெளியூர் வேலை புதிதல்ல. கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போன சொந்தக்காரர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். ஒரு போன் போதும். பத்து நாள் கூலி இல்லாமல், முதலாளியிடமிருந்து ஒரு வார்த்தையும் வராமல் கிடக்கிறவர் போகத்தான் செய்வார், அவர்மேல் குற்றமில்லை.

முதல் உஷார், ராத்திரிப் போன் பற்றியது. அணை திறந்த சேதி வந்ததும் முதலாளிக்குக் கை பரபரக்கும். குடோன் பக்கத்தில் குடியிருக்கிற லோடுமேனுக்குப் போன் போட்டு, ‘தம்பி, கொஞ்சம் போய்க் கீழே இருக்கிற மூட்டையை மட்டும் பரண்ல ஏத்திடு’ என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். இருட்டு, ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீர், தரையோரம் போட்ட சுவிட்ச் பெட்டி, தூக்க முடியாத ஷட்டர். இந்த நாலும் சேர்ந்த இடத்துக்கு ஓர் ஆளை அனுப்புவது கொலைக்குச் சமம். நீங்கள் ‘மட்டும்’ என்பீர்கள். அவர் விசுவாசத்தில் கூட ரெண்டு மூட்டை தூக்குவார். ஆகவே இப்போதே ஒரு விதி போடுங்கள்: இருட்டியபின் வெள்ளக்காலத்தில் கடைக்குள் யாரும் இறங்கக் கூடாது, நான் சொன்னாலும் கூடாது. கடைசி மூன்று வார்த்தையையும் சேர்த்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். பதற்றத்தில் நீங்களே உங்கள் விதியை மீறுவீர்கள், அப்போது ‘நீங்கதானே மொதலாளி சொன்னீங்க’ என்று மறுக்கிற தைரியத்தை அவருக்கு இன்றைக்கே கொடுத்துவைக்க வேண்டும்.

அப்படியென்றால் மூட்டையை எப்போது ஏற்றுவது? ஊத்தங்கரைப் பக்கம் கனமழை என்று சேதி வந்த அன்று பகலில். நம்மவர்கள் கல்வராயன் மலை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் அங்கே பெய்து கோமுகியும் மணிமுக்தாவும் நிரம்பினால் அந்தத் தண்ணீர் வெள்ளாற்றுக்குப் போகும். மணலூர்பேட்டைக் கடைக்காரர் பார்க்க வேண்டியது கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை மழையையும் சாத்தனூர் நீர்மட்டத்தையும். தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியில் மழை, அணை விவரம் வருகிறது. முதலாளி ஒருவர் மட்டும் அதைப் பார்த்தால் போதாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தினம் காலையில் இதைப் பார்த்துச் சொல்வது கடையில் ஒருவரின் வேலை என்று ஆக்கிவிடுங்கள், அதற்கு மாதம் இருநூறு ரூபாய் கூடக் கொடுங்கள். அணை நிரம்பி, மேலே மழையும் என்றால், அன்று மதியம் வியாபாரத்தை நிறுத்திவிட்டுச் சரக்கை ஏற்றுவதுதான் வேலை. தண்ணீர் வராமல் போனால் ஒரு மதிய வியாபாரம் நஷ்டம். அதற்காக ஆட்களைக் கிண்டல் பண்ணினீர்கள் என்றால் அடுத்த முறை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

விடிந்ததும் நீங்கள் போடுகிற முதல் போன் இன்னும் முக்கியம். அநேகமாக எல்லா முதலாளியும் கேட்பது, ‘கடைக்குள்ள எவ்வளவு தண்ணி?’ இரண்டாவது, ‘ஏன்பா இன்னும் வரல?’ அவர் குடிசை உங்கள் கடையைவிட ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் வீட்டு அரிசிப் பானையும் பிள்ளையின் ஸ்கூல் பையும் உங்கள் சரக்குக்கு முன்னாலேயே போயிருக்கும். ‘வீட்ல எல்லாரும் பத்திரமா? எங்க இருக்கீங்க? சாப்பிட என்ன வழி?’ இந்த மூன்றைக் கேட்டுவிட்டு, ‘இன்னிக்கு வேலைக்கு வர வேணாம், நாளைக்குச் சாயந்தரம் நானே கூப்பிடறேன்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். மறுநாள் சாயந்தரம் சொன்னபடி கூப்பிடுங்கள், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். ‘இன்னும் தெரியல, நாளைக்குப் பேசறேன்’ என்பதும் ஒரு சேதிதான். நீங்கள் பேசாத நாளில் உங்களைப் பற்றி ஊர் பேசும். மொதலாளி கடையை வித்துட்டாராம், பேங்க்காரன் வந்து சீல் வைக்கப் போறானாம் என்று ஆரம்பித்தால் அடங்க ஒரு மாதம் ஆகும்.

கூலிக்கு வருவோம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் மழுப்புகிறார்கள். சிலர் உணர்ச்சிவசப்பட்டு, ‘ஒருத்தருக்கும் ஒரு பைசா குறையாது, இது என் வாக்கு’ என்று சொல்லிவிட்டு மூன்றாம் வாரம் ஆளைப் பார்த்தால் சந்துக்குள் ஒதுங்குகிறார்கள். இரண்டாவது வகையினர் நல்லவர்கள், ஆனால் முதல் வகையைவிட ஆபத்தானவர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்று ஒரு துணி ஆலை இருந்தது. 1995 டிசம்பர் 11 இரவு தீப்பிடித்து ஆலையின் பெரும்பகுதி சாம்பலானது. முதலாளி ஆரோன் ஃபாயர்ஸ்டைன், இதே இடத்தில் திரும்பக் கட்டுவேன், அதுவரை வேலையில்லாதவர்களுக்கும் சம்பளம் தருவேன் என்றார். சொன்னபடி மாதக்கணக்கில் கொடுத்தார். தொழிலாளிகள் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள், பத்திரிகைகள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடின. 2001-ல் அந்த நிறுவனம் கடன் தாங்காமல் திவால் மனுவோடு நீதிமன்றம் ஏறியது. கடனுக்கு மறுகட்டுமானச் செலவு உட்படக் காரணங்கள் பல. அவர் தந்த சம்பளம்தான் கவிழ்த்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பெருமனசு வேறு, ரொக்கக் கையிருப்பு வேறு என்பது அந்த ஆலையின் கதையில் இருக்கிறது. கல்லாவைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கணக்குப் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எட்டுப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 4,000. பதினைந்து நாள் கடை திறக்கவில்லை என்றால் 60,000. அரைக்கூலி என்றால் 30,000. இந்த 30,000-ஐ ஆடியிலிருந்தே தனியாக, கல்லாவில் கலக்காமல், தபால் நிலையத்திலோ பேங்கிலோ வேறு கணக்கில் சேர்த்துவையுங்கள். பிறகு ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: வெள்ளம் வந்து கடை மூடினால் பதினைந்து நாளுக்கு அரைக்கூலி நிச்சயம், சனிக்கிழமை தோறும் கையில் வரும், அது முன்பணம் இல்லை, திருப்பிப் பிடிக்க மாட்டேன். அதற்கு மேல் என்னால் முடியுமா என்று பத்தாவது நாள் சொல்கிறேன். இப்படிச் சின்னதாகச் சொல்லி முழுதாக நிறைவேற்றுகிற முதலாளியை விட்டுவிட்டு யாரும் லேசில் போக மாட்டார்கள். சுத்தம் செய்ய வருகிற நாளுக்கு முழுக்கூலி, சாப்பாடு தனி. இதில் பேரம் வேண்டாம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு பக்கமும் நினைக்க வேண்டாம். கொரோனா ஊரடங்கில் 2020 மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை முழுச் சம்பளம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. மே 18-லிருந்து அந்த உத்தரவு இல்லாமல் போயிற்று. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்ற அளவில் நின்றது. எட்டுப் பேர் வேலை செய்கிற கடையில் கடைசியில் மிஞ்சுவது அந்தப் பேச்சுதான்.

அரசு நிவாரணத்தை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்தார்கள். உயிரிழப்புக்கு, குடிசைக்கு, பயிருக்கு, மாட்டுக்கு, ஆட்டுக்கு, கோழிக்குக்கூட அந்த அறிவிப்பில் தொகை இருந்தது. கடைச் சரக்குக்கு என்று ஒரு வரி இல்லை. உங்கள் சரக்குக்கு உங்கள் இன்சூரன்ஸ்தான் கதி.

அதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பாலிசியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா? ஒரே இடத்தில் ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழிலுக்கென்று 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று ஒரு பாலிசி இருக்கிறது. தீயோடு வெள்ளமும் புயலும் அதற்குள்ளேயே அடக்கம். ஆனால் இருபது லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப் பத்து லட்சம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், நாலு லட்சம் நஷ்டத்துக்குச் சுமார் இரண்டு லட்சம்தான் கைக்கு வரும். பதினைந்து சதவீதம் வரை குறைத்துக் காட்டியதைத்தான் அந்தப் பாலிசி மன்னிக்கும், பாதியாகக் குறைத்ததை மன்னிக்காது. கடனுக்காக பேங்க் எடுத்துக் கொடுத்த பாலிசி என்றால் முகவரியைப் படியுங்கள். நடுவில் குடோனை மாற்றியிருந்து பேங்குக்குச் சொல்லாவிட்டால் காகிதம் ஒரு இடத்தில், சரக்கு வேறு இடத்தில். வெள்ளம் வந்தபின் சகதியை வாரிக் கொட்டுவதற்கு முன்னால் போட்டோ, வீடியோ எடுங்கள், கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். பேரேடும் பில் புத்தகமும் நனைந்து கூழாகிவிட்டால் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? வாரம் ஒரு முறை பேரேட்டுப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வெளியூரில் இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவைப்பது ஐந்து நிமிட வேலை.

இன்னொரு பெரிய உஷார், வெள்ளம் வடிந்த மறுநாள் பைக்கில் வருகிற ஆசாமி. ‘அண்ணே, கஷ்டம் எல்லாருக்கும்தான், ஒரு லட்சம் வேணுமா ரெண்டு வேணுமா, கையெழுத்து மட்டும் போதும்’ என்பார். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, ஆனால் அவர் உங்கள் வாசலில் நிற்கும்போது சட்டம் கள்ளக்குறிச்சியில் நிற்கும். அவரிடம் வாங்கிய பணத்தில் ஆள் கூலி கொடுக்காதீர்கள். அதைவிட ஆட்களிடம் ‘இந்த வாரம் கால்வாசிதான்’ என்று முகத்துக்கு நேரே சொல்வது மேல். உங்கள் ஆட்களையும் அவரிடம் போகவிடாதீர்கள். மீட்டர் வட்டிக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடுகிற ஆள் உங்கள் கடைக்குத் திரும்ப மாட்டார்.

நனைந்த சரக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சங்கடமாக இருந்தாலும். ஊறிய அரிசியைக் காயவைத்து நல்ல மூட்டையோடு கலக்கச் சொல்வது, தண்ணீர் ஏறிய உரத்தைப் புதுப் பையில் மாற்றச் சொல்வது, இதெல்லாம் நடக்காததில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவது ஒருபுறம். அந்த வேலையை ராத்திரியில் ஷட்டரை இறக்கிவிட்டுச் செய்வது உங்கள் ஆட்கள்தான். அன்றைக்கு ராத்திரியோடு உங்கள்மேல் அவர்களுக்கு இருந்த மரியாதை போய்விடும், அதற்குப் பிறகு கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் யாரைக் கேட்பீர்கள்?

சுத்தம் செய்ய இறங்கும்போது மின்சாரம். மெயினை அணைத்து, ஒயர்மேன் பார்த்துச் சொன்னபின்தான் காலை உள்ளே வைப்பது. பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சகதியில் யாரையும் இறக்காதீர்கள், பாம்பு மட்டுமில்லை, எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. காலில் புண் இருக்கிறவரை மேலே நின்று கணக்கு எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தந்து சமாளிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வெள்ளச் சகதியில் வேலை பார்த்தார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெள்ளம் ஒன்றுதான் என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஜூலை 17-ல் கனியாமூர் பள்ளிக் கலவரத்தின்போது நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியில் 144 தடையுத்தரவு வந்தது, கடைகள் அடைந்தன. 2024 செப்டம்பரில் திறந்த அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் பாலம் மூன்றே மாதத்தில் தென்பெண்ணையில் அடித்துக்கொண்டு போனது. கிட்டத்தட்ட 16 கோடி ரூபாய்ப் பாலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து சாமான் வாங்க வருகிறவர்களும் வேலைக்கு வருகிறவர்களும் நம் ஊரில் எத்தனை பேர்? கடைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமலே, வழி அறுந்ததில் வியாபாரம் படுத்துவிடும். அப்படி ஒரு நாளில் அந்தக் கரையிலிருக்கும் வாடிக்கையாளருக்கு யார் போன் போடுவது, அந்தக் கரை ஆட்கள் எங்கே தங்குவது, இந்தக் கேள்விகளுக்கும் இப்போதே ஆட்களோடு உட்கார்ந்து பதில் எழுதிவிடலாம். முதலாளிக்குத் தோன்றாத பதில் லோடுமேனுக்குத் தோன்றும். எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது அங்கே குடியிருக்கிற அவருக்குத்தான் தெரியும்.

ஆகவே வருகிற சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அரைமணி நேரம் ஆட்களை நிறுத்திவையுங்கள். டீ சொல்லுங்கள். ராத்திரியில் யாரும் கடைக்குள் இறங்கக் கூடாது என்பதையும், பதினைந்து நாள் அரைக்கூலியையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் இன்னொருவர் போன் நம்பரை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் கொட்டை எழுத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில் ஒட்டுங்கள்.